வலப்பக்கத்து இடம்

மனைவி காலமான பின்னர் மாலை ஐந்து மணியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளவத்தையில் நாங்கள் சேர்ந்து வாழ்ந்த காலம் முழுவதும் அந்த வேளையில் கடற்கரை வீதியில் இருவருமாக நடந்தோம். என் இடச்செவி இளமையிலேயே கேட்கும் திறனை இழந்தது. ஆகையால் அவர் எப்போதும் என் வலப்பக்கமே வருவார். தெகிவளைப் பக்கம் சென்று திரும்பும் இடத்தில் நான் இடப்புறமாக ஓரடி ஒதுங்குவேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு மீண்டும் வலப்பக்கம் வந்து சேர்வார். பேச்சு தடைப்படாது.

"ஒருநாளைக்கு மற்றப் பக்கம் நிண்டு உங்களை வடிவாத் திட்டவேணும்" என்பார். ஒருநாளும் அவர் அந்தப் பக்கம் நின்றதில்லை.

அவரில்லாமல் அந்த வீதியில் ஒருமுறை நடக்கத் தொடங்கி, பாதி வழியில் முச்சக்கர வண்டி பிடித்துத் திரும்பினேன். வீட்டிலேயே இருந்தால் முழங்கால்கள் இறுகிவிடும் என்றார் மருத்துவர். கனடாவிலிருக்கும் மகள், "அப்பா, உங்களுக்குச் சரிவாற கிளாஸ் ஒண்டாப் பாத்துச் சேருங்கோவன்" என்றாள். எனக்குச் சரிவருவது எதுவென்று நான் அறியேன். அந்த ஒரு மணித்தியாலத்தை மனிதர் நடுவே கழித்துவிடக்கூடிய ஓர் இடம் கிடைத்தாற் போதும் என்றிருந்தது.

முதலில் கோயில் மண்டபத்து யோகாசன வகுப்புக்குச் சென்றேன். கிட்டிய இடம்; எல்லோரும் தெரிந்தவர்கள். அதுவே இடர்ப்பாடாயிற்று. எங்கள் ஆட்களிடையே செத்தவீட்டுக்கு வர முடியாமற் போனவர், பின்னர் எங்கே கண்டாலும் துக்கம் விசாரித்தேயாக வேண்டும். விசாரிக்கப்படுபவர் நோய் கண்ட நாளிலிருந்து சொல்லியேயாக வேண்டும். வகுப்பின் இறுதியில் ஆசிரியர் வழக்கப்படி, "இனி எல்லாரும் பிரேதம் மாதிரி அசையாமல் கிடவுங்கோ" என்றார். சொன்ன பிறகுதான் என்னைக் கண்டார்.

"சும்மா... ஆறுதலாப் படுங்கோ."

மண்டபம் ஓய்ந்தது. இடப்பக்கத்துப் பாயில் கிடந்த அம்மையார் ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லையென்று கண்டு குரலை உயர்த்தினார்.

"அண்ணை, நான் அந்த நேரம் லண்டனில. செத்தவீட்டுக்கு வரேலாமப் போச்சு."

"பரவாயில்லை."

"கடைசியா ஏதும் கதைச்சவவோ?"

அந்தக் கேள்வி மண்டபம் முழுவதற்கும் கேட்டது. கதைத்தார். என்ன கதைத்தார் என்பதை நான் மகளுக்குக்கூடச் சொன்னதில்லை. மறுவாரம் அங்கே போகவில்லை.

அடுத்தது காலி வீதியில், மாடியொன்றில் இயங்கிய உடற்பயிற்சி நிலையம். இசை அதிர்ந்துகொண்டிருந்தது. பயிற்றுவித்த இளைஞர் என்னை நோக்கி ஏதோ கூவுவது வாயசைவில் மட்டும் தெரிந்தது. அந்த இரைச்சலில் எவராலும் துக்கம் விசாரிக்க இயலாது என்பது ஓர் ஆறுதல். ஆனால் எதிரே சுவர் முழுவதும் கண்ணாடி. அதில் வயோதிபர் ஒருவர் தனியாகக் கை வீசிக்கொண்டிருந்தார். அவரை நெடுநேரம் பார்க்க என்னால் முடியவில்லை.

என்னோடு முன்பு பணியாற்றிய ஒருவர் கொட்டாஞ்சேனையில், தேவாலயத்தை அடுத்த மண்டபத்தில் முதியோருக்கென நடக்கும் வகுப்பைப் பற்றிச் சொன்னார். புறக்கோட்டையில் பஸ் மாறிச் செல்ல வேண்டும். என்னை அறிந்தவர் எவரும் அங்கில்லை என்பதற்காகவே போனேன். ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியை ஒருவர் நடத்தினார். தமிழில் தொடங்கிய கட்டளையைச் சிங்களத்தில் முடிப்பார். அவருடைய குரல் என் இடச்செவிக்கும் எட்டியது போலிருந்தது. வரிசையில் என் வலப்பக்கம் நின்றவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர்.

"எல்லாரும் பின்னுக்குத் திரும்புங்க."

திரும்பினேன். திரும்பியதும் என் கால் தானாகவே இடப்புறம் ஓரடி வைத்தது. துறைமுகக்காரரின் பாதத்தை மிதித்துவிட்டேன். மறுபடி முன்னுக்குத் திரும்பச் சொன்னபோது மற்றப் பக்கம் நின்ற ஓர் அம்மையாரை இடித்தேன்.

"சார், திரும்பத்தானே சொன்னேன். ஒங்கள யாரு நகரச் சொன்னது?" என்றார் ஆசிரியை.

"எடம் புடிக்கிறார் டீச்சர்," என்றார் துறைமுகக்காரர். "பஸ்ஸுல லேஞ்சி போட்டு சீட் புடிப்பாங்களே, அந்த மாதிரி. யாருக்கு சார், மிஸிஸ் வாராங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் வலப்பக்கம் நின்று கேட்டதால், கேட்கவில்லை என்று பாவனை செய்ய வழியில்லை.

"ஓம், மனுசிக்குத்தான். எனக்கு மற்றக் காது கேக்காது. நடக்கேக்க அவ இந்தப் பக்கம் வருவா. இப்ப அவ இல்லை" என்றேன்.

எப்போது, எப்படி, என்ன நோய் என்ற கேள்விகளுக்காகக் காத்து நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. துறைமுகக்காரர் தம் பாதத்தைக் குனிந்து பார்த்தார்.

"முன்னயே சொல்லியிருந்தா என்ட கால் தப்பியிருக்கும் சார்."

"சிரிச்சது காணும், போதும்," என்றார் ஆசிரியை, யாரும் சிரிக்காதபோதும். "மூச்ச உள்ள இழுங்க. விடுங்க. பின்னுக்குத் திரும்புங்க."

திரும்பினோம். இப்போது இடப்பக்கத்துக்கு வந்திருந்த துறைமுகக்காரர், நான் கால் வைக்குமுன் தாமே ஓரடி விலகிக்கொண்டார். நான் ஒதுங்கினேன். வலப்பக்கத்தில் ஓராள் நிற்கும் இடம் திறந்தது. கையைத் தூக்கச் சொன்னார் ஆசிரியை; தூக்கினேன்.

அன்றிரவு மகள் தொலைபேசியில், "அது சரியான தூரமெல்லோ அப்பா? கிட்ட ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்டாள்.

"இது சரிவருது," என்றேன். "அங்க இடம் காணும்."