குதிகாலில் கிடைத்த ஊசிமுனை

2025 ஏப்ரல் 17, வியாழக்கிழமை. காலை முதல் வெயில் தகித்தது. பிற்பகலில் மேகம் திரண்டும் மழை இறங்காமல் புழுக்கம்தான் மிஞ்சியது. பெரிய வியாழன் என்பதால், மாலை ஆறு மணிக்குக் கோவிலில், இயேசு தம் சீடருக்குச் செய்ததன் நினைவாகப் பாதம் கழுவும் சடங்கு இருந்தது. ஐந்து மணிக்கே புறப்படச் செபஸ்தியம்மாள் அனுமதி வாங்கியிருந்தார்.

இராமநாதபுரம் பக்கத்திலிருந்து பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் திருப்பூருக்கு வந்தவர் அவர். டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வேலையில் தொடங்கி, செக்கிங்குக்கு உயர்ந்து, இப்போது பனியன் கம்பெனியில் ஊசிப் பதிவேட்டைக் கவனிக்கிறார். தையல் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அனைத்தையும் கொண்டுவந்து தர வேண்டும். அவற்றைப் பதிவேட்டில் டேப்பால் ஒட்டிய பின்னரே புது ஊசி கிடைக்கும். தைப்பது கைக்குழந்தைகளின் சட்டை. ஒரு துண்டு குறைந்தாலும் அந்தக் கட்டு வெளியே போகாது.

நாலரை மணிக்கு, முனையில்லாத ஊசி ஒன்றை அவர் மேசைமீது வைத்தார் டெய்லர் மயிலாத்தாள்.

இருவரும் லைன் வீட்டில் அடுத்தடுத்த வாசல்காரர்கள். ஏழு மாதமாகப் பேச்சில்லை. தம் வீட்டுக் குழாயில் தண்ணீர் வராத ஒரு நாள், மயிலாத்தாள்தான் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் என்று வரிசை முழுவதும் கேட்கச் செபஸ்தியம்மாள் ஏசிவிட்டார். "உங்கூட்டுத் தண்ணி எங்களுக்குச் செமிக்குமாங்க?" என்று மட்டும் கேட்டு மயிலாத்தாள் கதவைச் சாத்திக்கொண்டார். நான்காம் நாள் வந்த பிளம்பர், வால்வில் மண் அடைத்திருந்ததைக் காட்டினார். செபஸ்தியம்மாள் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னார். அடுத்த வாசலில் போய்ச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

அந்த மாதத்தில் மயிலாத்தாளின் ஊசிமுனை இரண்டு முறை ஏற்கெனவே தொலைந்திருந்தது. மூன்றாவது முறை தொலைந்தால் வேலை இல்லை என்று சூப்பர்வைசர் முருகவேல் சொல்லியிருந்தார்.

மயிலாத்தாள் குரலைத் தாழ்த்தினார். "பழைய முனை ஏதாச்சும் கெடந்தா ஒட்டிக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

பழைய பக்கங்களில் முனைகள் ஏராளமாக இருந்தன. ஒன்றைப் பெயர்த்து ஒட்டினால் மயிலாத்தாளின் வேலை நிலைக்கும். ஆனால், உண்மையான முனை எந்தக் குழந்தையின் கழுத்தில் குத்துமோ? தொலைந்தது என்று எழுதிவிட்டால் ஐந்து மணிப் பேருந்தையும் பிடித்துவிடலாம்.

"ஒட்ட மாட்டேன்க்கா. வாங்க, தேடுவோம்," என்று காந்தத்தை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

ஆறு மணி வரை பார்க்கலாம் என்றார் முருகவேல். அந்தக் கட்டிலிருந்த அறுபது சட்டைகளையும் ஊசி கண்டறியும் இயந்திரத்தில் ஓட்டினார்கள், ஒன்றிலும் இல்லை. ஐந்து மணிப் பேருந்து போய்விட்டது. செபஸ்தியம்மாள் மெஷினுக்கு அடியில் மண்டியிட்டு, பஞ்சுத் தூசியை வாரி வாரிக் காந்தத்தால் துழாவினார். மீதி இருந்தவை பெடலும், அதை மிதித்த வெறுங்கால்களும்தான்.

"காலைக் காட்டுங்கக்கா."

"வேண்டாமுங்க, ஒரே அழுக்கு," என்று மயிலாத்தாள் காலை இழுத்துக்கொண்டார்.

செபஸ்தியம்மாள் அந்தக் காலைப் பற்றித் தம் மடியில் வைத்து, வெட்டுத் துணியால் துடைத்தார். இடது குதிகாலின் ஆழமான பித்தவெடிப்புக்குள் ஏதோ மின்னியது. காய்த்துப்போன தோல், குத்தியதை உணரவே இல்லை. இடுக்கியால் எடுத்து உடைந்த ஊசியோடு பொருத்தினார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

பதிவேட்டில் ஒட்டியதும் முருகவேல் கையெழுத்திட்டுப் புது ஊசியைக் கொடுத்தார். மயிலாத்தாள் பெருமூச்சு விட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே சிரித்தார். "கம்பெனி பூராத் தேடுனமே, என்ற கால்லயே திருடன் குடியிருந்திருக்கறான்."

செபஸ்தியம்மாளும் சிரித்துவிட்டார். மணி ஆறாகியிருந்தது. கோவிலில் சடங்கு தொடங்கியிருக்கும். அது அப்போது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை.

சிரிப்பு அடங்கியதும் மயிலாத்தாள் மெல்லக் கேட்டார். "ஏனுங்க, அன்னிக்கு அந்தத் தண்ணிய நாந்தான் எடுத்தேன்னு இன்னமு நெனைக்கறீங்களா?"

"இல்லைக்கா. வால்வு அடைச்சிருந்துச்சு. நாலாம் நாளே எனக்குத் தெரியும். தப்பு என் மேலதான்."