விளக்கு வைக்கும் நேரத்தில் என் படுக்கையறை

நிம்மதியாகத் தூங்க ஓர் அறை வேண்டும் என்று ஆசைப்பட்டதற்கு நான் பட்ட பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். நூல் அறுந்தால் ஒட்டவேண்டும். அதற்காக ஷிப்ட் முழுக்க மெஷினுக்கு முன்னால் நடந்துகொண்டே இருக்கவேண்டும். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட் என்று ஷிப்ட் மாறி மாறி வரும். முழு நைட் வாரத்தில் காலையில் வீடு வந்து, சமையல், துணி, தண்ணீர் என்று முடித்து மதியம் இரண்டு மணிக்குப் படுத்தால் இரவு ஒன்பது வரை தூங்கலாம். ஊருக்கு அது பகல். எனக்கு அதுதான் ராத்திரி.

போன வருடம் ஒரு நாள் நின்ற வாக்கிலேயே கண் சொருகி, ஓடுகிற மெஷின் மேல் சாயப் போனேன். பக்கத்து மெஷின்காரி பிடித்து இழுத்தாள். மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "இன்னொரு தடவ தூங்குனா மெஷின்ல நிக்க வேண்டாம்மா, பஞ்சு கூட்டப் போட்டுருவேன். கை போச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கூட்டுகிற வேலைக்குப் போனால் என் பதினோரு வருடத்தையும் கூளத்தோடு சேர்த்து வாரவேண்டியதுதான்.

ராணுவத்தில் இருக்கும் என் கணவர் அப்போது லீவில் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவரே போனில் தேடி எல்லாவற்றையும் வரவழைத்தார். ஸ்மார்ட் பல்பு, தானாக மூடித் திறக்கும் திரைச்சீலை, ஏசிக்கு ஒரு ஸ்மார்ட் பிளக், மழைச் சத்தம் போடும் ஸ்பீக்கர், எல்லாம் என் போனஸில். அவர் ஏணியில் ஏறி மாட்ட, நான் கீழே நின்று ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மணி ஆனதும் திரை மூடும், விளக்கு மங்கி அணையும், ஏசி ஓடும், மழை பெய்ய ஆரம்பிக்கும். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் அந்த மழையைக் கேட்டுக்கொண்டு முதல் நாள் படுத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாட்டும்போதே ஒரு தப்பு நடந்துவிட்டது. இவை எல்லாவற்றையும் இயக்கும் ஆப், யாருடைய நம்பரில் இருக்கவேண்டும் என்று கேட்டது. என் கணவர் யோசிக்கவே இல்லை, அவருடைய அம்மாவின் நம்பரைப் போட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான். கேஸ் இணைப்பு, கரண்ட் பில், நான் தவணை கட்டி வாங்கிய பிரிட்ஜ், எது வந்தாலும் அத்தை பேரில்தான் வரும். "பெரியவுக அவுக இருக்கையில நம்ம நம்பரப் போட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். அதனால் எதை மாற்றுவதென்றாலும் அத்தை போனில்தான் முடியும்.

லீவு முடிந்து அவர் கிளம்பினார். அடுத்த முழு நைட் வாரம், முதல் நாள், சாயங்காலம் மணி ஆறு. சர்ரென்று திரை திறந்தது. விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தது. மழை நின்று பக்திப் பாட்டு அலறியது. நெஞ்சு படபடக்க எழுந்து உட்கார்ந்தேன். வீட்டில் யாரும் இல்லை. அத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கிருந்து போன் வந்தது.

"ஏட்டி, வெளக்கு எரியுதா? வெளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டாக் கெடந்தா மூதேவில்லா குடியேறுவா? அதான் இங்கன இருந்தே போட்டேன்."

"அத்தை, நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்."

"அந்தி நேரத்துல பொம்பள தூங்கலாமா? செத்த நேரம் முழிச்சிருந்துட்டுப் பொறவு படு."

செத்த நேரமாம்! போன தூக்கம் கூப்பிட்டால் வருமா? ஹால் விளக்கைப் போட்டுவிட்டே படுக்கிறேன் என்று கெஞ்சினேன். ரூம் இருட்டாகத்தானே இருக்கும் என்றார். சுவரில் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். அது அத்தை போனில் காட்டிக் கொடுத்துவிட்டது. மறுபடி போன், மறுபடி திட்டு. அதற்குப் பிறகு வத்திராயிருப்பில் கல்யாண வீடானாலும் சரி, தேவதானத்தில் வயலானாலும் சரி, எங்கே இருந்தாலும் ஆறு மணிக்கு என்னை எழுப்பாமல் விட்டதில்லை.

ஒரு நாள் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னாள். "அம்மா கோயில் வாசல்ல வச்சு எங்க வீட்டு ஆளுகளுக்கெல்லாம் காட்டுனாக மதினி. 'இங்க தொட்டா அங்க விடியும் பாருங்க'ன்னாக. எல்லாரும் வாயப் பொளந்துட்டாக!" என் தூக்கம் கோயில் வாசலில் வேடிக்கை ஆகியிருந்தது. கணவருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "அம்மா பாவம், பழக்கம். நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்றார். போனை வைத்துவிட்டேன். எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருக்கலாம்தான். என் காசில் வாங்கியதை நான் ஏன் எறியவேண்டும்? ஒவ்வொரு முழு நைட் வாரமும் மெஷின் முன்னால் தொடையைக் கிள்ளிக் கிள்ளி நின்றேன்.

எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி லீவில் வந்தார். எனக்குப் பகல் ஷிப்ட். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை உதட்டில் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத. பிள்ள ரெண்டு நாளா ரயில்ல தூங்காம வந்திருக்கான்."

டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. விசில் வரும் என்று குக்கர்கூட வைக்கவில்லை. படுக்கையறை கும்மிருட்டு. உள்ளே என் மழை பெய்துகொண்டிருந்தது. நான் கை கால் கழுவி வந்தேன். மணி ஆறு தாண்டியது. அத்தை அசையவில்லை.

"அத்தை, வெளக்கு வைக்கிற நேரமாச்சே?"

"ஆம்பளப் பிள்ள அசந்து தூங்குதான். ஒரு நாள் போடாட்டா குடியா முழுகிப் போகும்?"

அப்படியானால் மூதேவிக்கும் ஆள் பார்த்து வரத் தெரிந்திருக்கிறது! ஸ்டூல் மேல் அத்தையின் போன் இருந்தது. அவர் எட்டிப் பிடிப்பதற்குள் எடுத்துத் தொட்டேன்.

திரை திறந்தது, விளக்கு எரிந்தது, பாட்டு அலறியது. அவிழ்ந்த கைலியை ஒரு கையால் பிடித்தபடி என் கணவர் ஓடிவந்தார். கண் ரெண்டும் சிவந்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "என்ன? என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல. மணி ஆறு. முழு நைட் வாரம் தெனமும் நான் இப்படித்தான் எந்திரிக்கேன்" என்றேன்.

"ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா?" என்று போனைப் பிடுங்கிக்கொண்டு அத்தை கத்தினார். கணவர் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "அம்மா, அந்தப் போனக் குடு" என்றார். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் என் நம்பருக்கு மாற்றினார்.

இப்போது ஒன்பது மணி வரை தூங்குகிறேன். அத்தை ஆறு மணிக்கு ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டு என் அறைப் பக்கம் வருவதில்லை. சூப்பர்வைசரும் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. போன வாரம் நாத்தனார், "இப்ப சந்தோசந்தான மதினி?" என்று கேட்டாள். என்ன சந்தோசம்? எட்டு மாதம் வாய் வலிக்கச் சொன்னேன், கெஞ்சினேன், மெஷினில் விழப் போனதைக்கூடச் சொல்லி அழுதேன். யாரும் ஒரு விரலை அசைக்கவில்லை. அவருக்கு ஒரே ஒரு சாயங்காலம் தூக்கம் கெட்டது, அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது.