தேய்த்துவிட்ட தழும்பு

நெய்வேலி குவார்ட்டர்ஸில் இருந்தபோது என்னோடு படித்தவள் முத்தாண்டிக்குப்பம் வசந்தா. முந்திரி உடைக்கப் போவதற்காகப் பள்ளியை விட்டு நின்ற அன்று, தன் கோலிக்குண்டை எனக்குக் கொடுத்தாள். உள்ளே சிவப்பு இழை முறுக்கியிருக்கும். அடியில் சொரசொரப்பாக ஒரு தழும்பு.

"கண்ண மூடிக்கினு தடவினாலும் இது என் குண்டுன்னு சொல்லிடுவேன்" என்றாள்.

எனக்கோ அந்தத் தழும்பு உறுத்தியது. வாசற்படி சிமெண்டில் தேய்த்துச் சமமாக்கிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் பத்திரமாக வைத்திருந்த குண்டை, சென்ற மாதம் பழைய கோலிகள் சேர்க்கும் ஒருவரிடம் காட்டினேன்.

"கையால செஞ்சதுங்க. கண்ணாடிக் குச்சியிலேருந்து வெட்டின தழும்புதான் அதுக்கு அடையாளம். அதைப் போய்த் தேச்சிட்டீங்களே, இனி விலை போகாது" என்றார்.

நான் விற்க நினைத்ததே இல்லை.

இப்போதெல்லாம் யார் எதைக் கொடுத்தாலும் கொடுத்தபடியே வைத்துக்கொள்கிறேன். வசந்தாவை இன்னும் தேடுகிறேன். கிடைத்தால், கண்ணை மூடச் சொல்லத்தான் தைரியமில்லை.