மூன்றாகப் பிரிந்த ரிலீஸ்

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தேதியக்கா’ என்று பெயர். மருந்தகங்களுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில், எந்த வசதி எந்தத் தேதியில் வெளியே போக வேண்டும் என்று திட்டம் போடுவது அவள் வேலை. பதினோரு வருடங்களில் போட்ட திட்டம் போட்டபடி நடந்தது இரண்டே முறை. அதில் ஒருமுறை அவள் காய்ச்சலில் விடுப்பில் இருந்தாள்.

அந்த மாதம் பதினெட்டாம் தேதி ஒரு பெரிய மருத்துவமனைக்குப் புது மென்பொருள் ரிலீஸ். ஆறு பேர் செய்யும் வேலை. மூன்றாம் தேதி காலை மேனேஜர் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"நம்ம ஆளுங்கள்ல ரெண்டு பேரை வேற புராஜெக்டுக்குக் கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"அப்ப பதினெட்டு?"

"அதுல மாத்தமில்ல. எப்படியாவது சமாளிங்க."

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. தோள்பட்டைதான் வலித்தது. மிச்சமிருந்த நால்வரில் மூத்த புரோகிராமர் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"சனி ஞாயிறும் வர்றோம்க்கா. ஆனா சோதிச்சுப் பாக்க நேரம் இருக்காது."

"மருந்து விஷயம்ப்பா. சோதிக்காம எப்படி அனுப்புறது?"

மறுநாள் அவள் மருத்துவமனைக்கே போனாள். தலைமை மருந்தாளர் அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தார்.

"பதினெட்டாம் தேதி உங்களுக்கு எது இல்லேன்னா கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒத்துக்காத மருந்தை எடுத்தா கம்ப்யூட்டர் கத்தணும். போன மாசம் ஒரு பொண்ணுக்குத் தப்பாக் குடுக்க இருந்தோம். நர்ஸ் கவனிச்சதால தப்பிச்சோம்."

"மாசாந்திர அறிக்கை, கலர் கலரா வரைபடம்?"

"அதை யாரும்மா கேட்டா? உங்க ஆபீஸ்ல காட்டினாங்க, நாங்களும் தலையாட்டினோம்."

சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பினாள். ரிலீஸை மூன்றாகப் பிரித்தாள். பதினெட்டாம் தேதி எச்சரிக்கை மட்டும். அடுத்த மாதம் மருந்து இருப்புக் கணக்கு. ஆட்கள் திரும்பி வந்த பிறகு அறிக்கைகள்.

"மேல என்ன சொல்றது?" என்று மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார்.

"ரெண்டு பேரைக் குடுத்தோம்னு சொல்லுங்க சார். இதையும் காட்டுங்க" என்று கடிதத்தை நீட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு சரி என்றார்.

பதினெட்டாம் தேதி காலை எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. பதினோரு மணிக்கு மருந்தாளர் அம்மாள் போன் செய்தார். "கத்துதும்மா. நல்லாவே கத்துது."

மதியம் ஒரு மெயில் வந்தது: மருத்துவமனை மருந்துப் பெட்டிகளின் பார்கோடு படிக்கும் ஸ்கேனர்களை மாற்றப் போகிறதாம், இரண்டாவது பகுதியின் தேதியை மறுபடி பார்க்க வேண்டுமாம். அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இவ்வளவு சீக்கிரம்? ரிலீஸ் போச்சா?"

"மூணுல ஒண்ணு போச்சு."

"மீதி?"

"நாளைக்குக் கேளுங்க" என்று மடிக்காத துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்தவள், அவர் ஜன்னலைச் சாத்தி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.