அம்மாவின் இங்கிலீசுப் பெயர்

வாசலில் நின்றவர் நீட்டிய பையிலிருந்து ஏலக்காய் மணத்தது. "டீச்சரம்மா, எம் பேத்திக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கணும்" என்றார். அம்மா வேலை பார்த்த ஏலத்தோட்டத்தின் பழைய சூப்பர்வைசர்.

நான் சிறுமியாக இருந்தபோது, பள்ளி விடுமுறைகளில் போடியிலிருந்து ஜீப்பில் அம்மாவோடு மலையேறுவேன். சாயங்காலம் பெண்கள் பறித்த காயை அவர் முன்னால் கொட்டிக் காட்ட வேண்டும். அம்மாவின் முறை வந்தால் மட்டும், "வாம்மா ரப்பிஷ்!" என்று சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள்.

"என்னய மட்டுந்தான் இங்கிலீசுல கூப்புடுறாரு" என்று தெருவெல்லாம் பெருமை பேசினாள்.

ஆறாம் வகுப்பில், பள்ளி அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினேன். குப்பை, கழிவு, எதற்கும் உதவாதது. அதே பொருளில் ட்ராஷ், வேஸ்ட், ஜங்க் என்று இன்னும் சில சொற்கள். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"இம்புட்டு நாளும் நானும்ல சேந்து சிரிச்சேன்" என்றாள்.

இப்போது வாசலில் அவர் நீட்டிய பையை நான் வாங்கவில்லை.

"சொல்லித் தர்றேன் சார். அதுக்கு முன்னாடி ரப்பிஷ்னா என்னன்னு எங்காத்தாகிட்ட நீங்க சொல்லணும். ஒரு அர்த்தம் விடாமச் சொல்லணும்."

அவர் நீட்டிய பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான் உள்ளே திரும்பி அம்மாவுக்குக் குரல் கொடுத்தேன்.

"ஆத்தா, வெரசா வா. ஒனக்கு இங்கிலீசுல பேரு வச்சவரு வந்துருக்காரு."