வானிலைக்காக எழுதிய பட்டியல்

லீவு முடிந்து திரும்பும்போது ரயிலில் போங்கள் என்று என் மனைவி தலைதலையாய் அடித்துக்கொண்டாள். நான் கேட்கவில்லை. ரயில் என்றால் வடக்கே என் பட்டாலியனுக்கு மூன்று நாள். திருவனந்தபுரத்தில் விமானப்படை விமானத்தில் இடம் கிடைத்தால் ஒரே நாள். இரண்டு நாள் கூடுதலாக வீட்டில் கிடந்து தூங்கலாம். இந்தச் சபலம் இல்லாத பட்டாளத்துக்காரனை நான் பார்த்ததில்லை. ஆனால் விமானம் தாமதமானால் என் பாடு திண்டாட்டம். முந்தைய வருடம் ஒருநாள் தாமதமாகப் போனதற்கே ஆப்சென்ட் என்று சிவப்பு மையில் எழுதிவிட்டார்கள். இன்னொன்று விழுந்தால் நாயக் பதவி உயர்வு கோவிந்தாதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். மறுநாள் காலை நான் பட்டாலியனில் நிற்க வேண்டும். விமான நிலையத்தில் எங்களுக்கென்று இருந்த தகரக் கொட்டகையில் முப்பது பேர் பெட்டியும் படுக்கையுமாக உட்கார்ந்திருந்தோம். எட்டு மணி விமானம் பத்தாயிற்று, பன்னிரண்டாயிற்று. வானிலை சரியில்லை என்றார் பொறுப்பில் இருந்த சார்ஜென்ட். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. விமானம் இங்கே வரக் கிளம்பும் ஊரில் பேய்மழையாம். யார் கண்டது? எந்த அதிகாரி வீட்டம்மா இன்னும் சேலை மடித்து முடிக்கவில்லையோ என்று பக்கத்தில் இருந்தவனிடம் முணுமுணுத்தேன்.

அப்போதுதான் அந்தப் போனக்காட்டுக்காரனைக் கவனித்தேன். திருவனந்தபுரத்து மலைமேல் இருக்கும் போனக்காடு தேயிலை எஸ்டேட்டுத் தமிழன், சிப்பாய், என்னைவிட ஓரிரு வயது இளையவன். சார்ஜென்ட் அறைக்குள் போவதும் டீ டம்ளரோடு வருவதுமாக இருந்தான். பிறகு ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வந்தான்.

"அண்ணா டூட்டியா, லீவா? லீவுக்காரங்க பேரு மட்டும் எழுதுறேன்."

எதற்கு என்று கேட்டேன். சார் எழுதச் சொன்னார், வேறொன்றும் தெரியாது என்றான். தெரியாமலா ஐந்து தரம் உள்ளே போய் டீ குடிக்கிறான்? எனக்குப் பொறி தட்டியது. வானிலை மோசம் என்றால் எரிபொருள் கூடுதலாக ஏற்றுவார்கள், ஆளைக் குறைப்பார்கள். முதலில் கழற்றிவிடுவது லீவுக்காரனைத்தான். டூட்டியில் போகிறவனுக்கு எப்போதும் இடம் உண்டு. இவன் தனக்கு இடம் பிடிக்க எங்கள் கழுத்துக்குக் கத்தி தீட்டுகிறான்.

டூட்டி என்று சொல்லிவிட்டேன்.

மூன்று மணிக்கு மறுபடி வந்து, நிச்சயம்தானா என்று மலையாளம் கலந்து கேட்டான். "உறப்பா டூட்டிதானே அண்ணா?" எத்தனை தரம் சொல்வது, உன் வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். தாளை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

நாலு மணிக்கு விமானம் ரத்து. சார்ஜென்ட் அந்தத் தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். வானிலையால் இங்கே மாட்டிக்கொண்டவர்கள், இவர்களை ஆப்சென்ட் ஆக்க வேண்டாம் என்று அவரவர் பட்டாலியனுக்குத் தந்தி போய்விட்டதாம். டூட்டிக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. இருபத்திரண்டு பெயர். என் பெயர் இல்லை.

ஓடிப்போய், நானும் லீவுதான், என் பெயர் விட்டுப்போயிற்று என்றேன். அவர் போனக்காட்டுக்காரனைக் கூப்பிட்டு, இவனை ஏன் எழுதவில்லை என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். பொய் சொன்னது தெரிந்தால் ஆப்சென்ட்டோடு போகாது.

"என் தப்பு சார். இவரு லீவுன்னுதான் சொன்னாரு, நான்தான் எழுதாம விட்டுட்டேன்" என்று ஹிந்தியில் சொன்னான்.

சார்ஜென்ட் அத்தனை பேர் முன்னாலும் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினார். கழுதை என்றார், எழுதப் படிக்கத் தெரியாதவன் என்றார். அவன் விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டான். நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதும்போதும் கூசுகிறது. கடைசியில் என் பெயருக்குத் தனியாக ஒரு தந்தி போயிற்று.

வெளியே வந்ததும் நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. இதற்குப் பதிலாக என்ன கேட்பானோ என்று பயந்து, மறுநாள் விமானம் ஏறும்வரை அவன் கண்ணில் படாமல் ஒதுங்கியே இருந்தேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு மாதத்தில் நான் நாயக் ஆனேன்.