ஒட்டுப்போட்ட கவுன்

எழுபதுகளின் பஞ்ச காலம். இலங்கையின் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தையல் மெஷின் வைத்திருந்தவள் நான் மட்டும்தான். ஒற்றையறைதான் ஒரு காம்பரா; பக்கத்துக் காம்பராவில் இருந்த மாரியாயி கொழுந்து பறிப்பவள். அவள் மகளின் கவுனில் கிழிந்த இடமெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டுகள். வெயிலில் அது அத்தனை அழகாக இருந்தது! தீபாவளிக்கு நல்ல புதுத் துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி, அதே மாதிரி என் மகளுக்கு ஒரு கவுன் தைத்தேன். லயமே மெச்சும் என்று நினைத்தேன்.

தீபாவளிக் காலையில் அந்தக் கவுனில் என் பிள்ளையைப் பார்த்த மாரியாயி உள்ளே போனாள். பொங்கலுக்குத் தன் மகளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த பூத்துணியைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

"துணி பத்தலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா. நல்ல நாளும் அதுவுமா புள்ளைக்கு ஒட்டுப்போட்ட கவுனா?"

அது டிசைன் என்று நான் சொல்லவில்லை. துணி பத்தவில்லை என்றே தலையாட்டி, அதை வாங்கிக்கொண்டேன்.